கதையில் இல்லாத மகள்

மார்ச் 4

என் வாத்தியாரம்மாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே உன் அண்ணன் சௌக்கியம், அவர் குறட்டையும் சௌக்கியம்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு என்று உன் வகுப்பில் கொடுக்கும் விதித்தாளை அண்ணனுக்கு அனுப்பியிருந்தாயே, அவர் அதன்மேல் காபி டம்ளரை வைத்திருந்தார். எடுத்துப் படித்தேன். தெரிந்ததை எழுது. சொன்னதையே திரும்பச் சொல்லாதே. ஒரு பாத்திரத்தை எடுத்தாலும் கதை நிற்குமானால் அந்தப் பாத்திரம் வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது அத்தை படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்கள்தான். அதையே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்லரில் நாள் முழுக்க முடி வெட்டுகிறவள் நான், வெட்டச் சொன்னால் கை நிற்காது. உன் பத்திரிகைக்குத் தேறுமா பார். அண்ணி ஆயிற்றே என்று சலுகை காட்டாதே.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கதையை நின்றுகொண்டே பிரித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவுக்கு நீங்கள் தலை சீவிவிட்டது, மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தது, ஜன்னலைப் பார்க்கும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டது, எல்லாம் அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டுப் பூனைகூட வருகிறது. பெற்ற மகளைக் காணோம். உங்கள் கதையில் அம்மாவுக்கு ஒரே பிள்ளை, அண்ணன் மட்டும்.

நான் என்ன செத்தா போய்விட்டேன், அண்ணி? வகுப்பும் பத்திரிகையுமாகக் கிடந்து அல்லாடினேன், அடிக்கடி வர முடியவில்லை. அதற்காக அடியோடு இல்லாமல் ஆக்குவதா? மனசில் இவ்வளவு வன்மம் வைத்துக்கொண்டா என்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசினீர்கள்? பூனைக்குக் கொடுத்த இடத்தை எனக்குக் கொடுக்கக் கூடாதா? இதை நான் அச்சில் போட மாட்டேன்.

இப்படிக்கு,
அந்த வீட்டில் பிறந்தவள்

மார்ச் 17

வாத்தியாரம்மா,

வன்மமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எழுதியதில் நீ இருந்தாய். தினமும் சாயங்காலம் தலை சீவும்போது அத்தை கேட்பார், "அவ போன் பண்ணாளா?" நான் சொல்வேன், "நீங்க தூங்கும்போது பண்ணா அத்தை. எழுப்ப வேணாம்னுட்டா." உடனே அத்தைக்கு முகம் தெளிந்துவிடும். "பாவம், அவளுக்குத் தலைக்கு மேல வேலை" என்பார். மறுநாளும் அதே கேள்வி, அதே பொய், அதே பாவம். பக்கம் பக்கமாக இதுவே வந்தது. திரும்பச் சொல்லாதே என்று நீதானே போட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் அடித்தேன்.

அடித்தபிறகு பார்த்தால், நீ ஒருநாள் வந்து தங்கிப் போனதும் ஒரே ஒரு போனும்தான் மிச்சம். அடுத்த விதிப்படி அதையும் எடுத்துப் பார்த்தேன். கதை அசையவே இல்லை. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. திரும்ப வைத்தேன், திரும்ப எடுத்தேன், அப்படியேதான் நின்றது. பூனையை எடுத்தால் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டார். நான் என்ன செய்யட்டும், சொல்லு.

கோபம் ஆறினால் எழுது. ஆறாவிட்டாலும் எழுது.

அண்ணி

மார்ச் 22

அண்ணி,

இன்றைக்கு வகுப்பு எடுக்கவில்லை. விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நின்றேன், முதல் விதியோடு நிறுத்திவிட்டேன். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அம்மா தினமும் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் சொன்னதை நம்பினார்களா, உங்கள் மனசு நோகக் கூடாது என்று நம்புகிற மாதிரி இருந்தார்களா? யாரைப் போய்க் கேட்பேன்?

அந்த இரண்டாவது விதி உங்கள் கதைக்குச் செல்லாது. அடித்ததையெல்லாம் திரும்ப எழுதுங்கள். ஒரு சாயங்காலத்தையும் சுருக்க வேண்டாம். அம்மா கேட்ட ஒவ்வொரு தடவையும் வரட்டும், உங்கள் பொய்யும் கூடவே வரட்டும். படிக்கிறவர்களுக்கு அலுத்தால் அலுக்கட்டும், கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு அலுக்கவில்லையே. எனக்கென்று தனியாக இடம் எதுவும் கொடுக்க வேண்டாம். போன் பண்ணாத மகளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கதை வந்ததும் முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.

இன்று சாயங்காலம், முன்பெல்லாம் நீங்கள் அம்மாவுக்குத் தலை சீவிவிடும் நேரத்தில், வீட்டுக்குப் போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அண்ணனிடம் சொல்லுங்கள், நான் போன் பண்ணினேன் என்று. இந்தத் தடவை அது பொய் இல்லை.

உங்கள்
வாத்தியாரம்மா