எல்லா விளக்குகளும் எரிந்த மாலை

ஜனவரி 9

அன்புள்ள தாரஸுக்கு,

நான் நலம். நாடியாவும் நலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கீழே இருப்பதைப் படிக்கும்போது மனசு தடுமாறினால், மேலே வந்து இந்த வரியை இன்னொரு தடவை பார்த்துக்கொள். முதல் மாதம் போன் பேச விடமாட்டார்கள் என்று அந்தக் குடிமீட்பு மையத்தில் சொல்லிவிட்டதால் எல்லாவற்றையும் கடிதத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? தூக்கம் வருகிறதா? உன் கடிதத்தில் கையெழுத்து கொஞ்சம் நேராகியிருப்பதைப் பார்த்தேன். அதற்காகவே இரண்டு தடவை படித்தேன்.

இங்கே குளிர் விடுவதாக இல்லை. கோழிக் கொட்டகையில் தண்ணீர் வைத்துத் திரும்புவதற்குள் மேலே ஏடு கட்டிவிடுகிறது. நாடியாவுக்கு மேல்பல் ஒன்று விழுந்துவிட்டது. உனக்குக் காட்டத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். உன் அக்கா ரோமா அடிக்கடி வந்து போகிறாள். வரும்போதெல்லாம் சூப் கொண்டுவருகிறாள், கூடவே உன்னைத் திட்டவும் செய்கிறாள். இரண்டும் சூடாகத்தான் இருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறாம் தேதி, நம் பழைய காலண்டர்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்கு ரோமா வீட்டுக்குக் கிளம்பினோம். மைனஸ் முப்பத்தி நாலு. இன்ஜின் சூடாக இருக்கட்டும் என்று முந்தின ராத்திரியே வண்டியின் இன்ஜின் ஹீட்டரை ப்ளக்கில் செருகி வைத்திருந்தேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. டயரில் காற்று குறைவு என்று காட்டும் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. அது டிசம்பரிலிருந்தே எரிகிறது. குளிர் வந்தால் காற்று சுருங்கும் என்று நீ சொன்னது நினைவிருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரளைச் சாலையில் திரும்பி, பழைய தானியக் கிடங்கைத் தாண்டியதும் பிரேக் விளக்கு வந்தது. அணைந்தது. ஒரு மேட்டில் வண்டி தூக்கிப் போட்டதும் மறுபடி வந்தது. அதற்குப் பின்னாலேயே சறுக்கல் விளக்கு, ஏர்பேக் விளக்கு, இன்ஜின் விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு என்று ஒவ்வொன்றாக வந்து டாஷ்போர்டு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக நிறைந்துவிட்டது. ஏதோ மணி வேறு அடித்துக்கொண்டே இருந்தது. பின்சீட்டிலிருந்து நாடியா, "அம்மா, காருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. திரும்பி வீட்டுக்கே போய்விடலாமா, இல்லை ரோமா வீடுதான் பக்கமா என்று யோசிக்கும்போதே முன் விளக்குகள் மங்கின. ஹீட்டர் சத்தம் தேய்ந்தது. இன்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான்.

ரோமாவுக்குப் போன் போட்டேன். "எங்கடி இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்தத் தவறை மட்டும் செய்யவில்லை. அவசரத்துக்கென்று வண்டியில் வைத்திருந்த காப்பி டின்னில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். பின்சீட்டில் இருந்த போர்வைகளை எல்லாம் எடுத்துச் சுற்றினேன். நாடியாவின் பூட்ஸைக் கழற்றி அவள் காலை என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். இடது கால்விரல்கள் என் வயிற்றில் பட்டபோது கூழாங்கற்கள் மாதிரி இருந்தன. முதலில் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டுகளைப் பாடினாள். அப்புறம் பசிக்குது என்றாள். அப்புறம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தாரஸ், அந்த நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவளைக் கிள்ளினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அழுதாளே என்று சந்தோஷப்பட்டேன்.

எங்களைத் தேடி ரோமா வருவதற்குள் ஒரு தானிய லாரி வந்துவிட்டது. டிரைவர் யாரோ தெரியாது. கதவைத் திறந்ததும் திட்ட ஆரம்பித்தவர், "ஏம்மா, இந்தக் குளிர்ல பிள்ளையைக் கூட்டிக்கிட்டு இப்படி ஒரு வண்டியிலயா வருவீங்க? வீட்ல ஆம்பள யாரும் பார்க்கறதில்லையா?" என்று கேட்டார். தாடை நடுங்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். எங்களை ரோமா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்ததும் நாடியா போட்ட கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. காலையில் யார்க்டனுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். மூன்று விரல்களில் தோல் உரியும், கொஞ்ச நாள் மரத்தாற்போல் இருக்கும், வேறு பயம் இல்லை என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே இல்லை.

இன்று இவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஜனவரி 10

நேற்று நிறுத்தியதற்குக் காரணம் களைப்பு இல்லை. இனி எழுத வேண்டியதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வண்டியை இழுத்துக்கொண்டு போனது இர்மா. உன்னோடு படித்த இர்மா டெக்தான். ஏழாம் தேதி நமக்குத்தான் கிறிஸ்துமஸ், அவர்கள் மென்னோனைட் சபைக்காரர்களுக்குச் சாதாரண வேலைநாள். மறுநாள் நான் அவள் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனபோது வண்டி உள்ளே நன்றாகக் காய்ந்து, பேட்டரியும் சார்ஜ் ஏறித் தயாராக இருந்தது. ஸ்கேனரைச் செருகினாள். பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு, இன்ஜினுக்கு என்று திரை நிறையக் கோளாறுகள் வந்துகொண்டே இருந்தன. இனி இந்த வண்டி அவ்வளவுதான், நாளையிலிருந்து வேலைக்கு எப்படிப் போவது என்று நான் அங்கிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இர்மா சிரித்தாள். "மூஞ்சிய அப்படி வைக்காத. இத்தனையும் ஒரே நாள்ல கெட்டுப்போகுமா? எல்லாத்துக்கும் ஒரே எடத்துலேருந்துதான் கரண்ட் போகுது. அது ஒழுங்கா போகலன்னா, ஒவ்வொண்ணும் தனக்குத்தான் நோவுன்னு கத்தும். கத்துறத எல்லாம் நம்பிப் பாகம் பாகமா மாத்தினா நான் பணக்காரி ஆயிடுவேன்" என்றாள்.

பேட்டரியை அளந்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். வண்டியை ஓடவிட்டு, சார்ஜ் சரியாக ஏறுகிறதா என்று பார்த்தாள். அதிலும் குறை இல்லை. பிறகு என்னை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்துவிட்டு, பேட்டரியின் கறுப்பு ஒயரைப் பிடித்து லேசாக அசைத்தாள். டாஷ்போர்டு முழுக்க எரிந்தது. விட்டாள், மணி நின்றது. மறுபடி அசைத்தாள், எரிந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒயரின் முனையில் பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. அதைச் சுரண்டாமலே புது பேட்டரியில் செருகியிருந்தது. நட்டு முறுக்கவே இல்லை. இர்மா ஒற்றை விரலால் அந்த முனையைச் சுற்றினாள். அது சுற்றியது. குளிர் இல்லாத நாளில் எப்படியோ தொட்டுக்கொண்டு ஓடியிருக்கும், குளிரில் முனை சுருங்கி, சாலையும் தூக்கிப்போட்டதும் விட்டுவிட்டது என்றாள்.

"இத யாரு மாட்டுனது?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. உனக்குக் காய்ச்சல், இன்று வேலைக்கு வரமாட்டாய் என்று உன் மேனேஜரிடம் சொல்வேனே, அதே குரல் தானாக வந்துவிட்டது.

"நீயா? வைப்பர் மாத்தணும்னு போன மாசம் எங்கிட்ட வந்து நின்னவ, பேட்டரி மாட்டுனியா?"

ஆமாம் என்றேன்.

அவள் ஒரு ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினாள். "சரி, அப்ப நீயே கழட்டு. நல்லாத் தேய். முறுக்கு."

வண்டியை நிறுத்திவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கழற்றினேன். கம்பி பிரஷ்ஷால் பச்சை போய்ப் பளபளப்பு தெரியும் வரை தேய்த்தேன். செருகி முறுக்கினேன். "இன்னும்" என்றாள். முறுக்கினேன். "இன்னும் கொஞ்சம். இப்ப ஆட்டிப் பாரு" என்றாள். இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அப்போதுதான், அவள் முகத்தைப் பார்க்காமல், தாரஸ்தான் மாட்டினான், அக்டோபரில், என்று சொன்னேன்.

"தெரியும்டி. இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது? ஆனா உன் வாயால இன்னிக்குத்தான் கேக்குறேன்" என்றாள் இர்மா. திரையில் இருந்த கோளாறுகளை எல்லாம் அழித்தாள். டயருக்குக் காற்று பிடித்தாள். என்னையே ஓட்டச் சொல்லி, மேடு பள்ளமான பாதையாகப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம். ஒரு விளக்கும் வரவில்லை.

அக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. நான் வாசலில் நின்று, நன்றாக முறுக்கிவிட்டாயா என்று கேட்டேன். நீ பானட்டை அறைந்து சாத்தி, "பெரிய மெக்கானிக், நீயே வந்து முறுக்கேன்" என்று கத்தினாய். மதியம் பன்னிரண்டு மணிக்கே உன் மேல் வாடை அடித்தது. நாடியா ஜன்னலில் நின்றிருந்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ரோமா இதை எழுதவே கூடாது என்கிறாள். "படிச்சா ஒண்ணு அங்கேருந்து ஓடி வருவான், இல்ல நேரா பாருக்குப் போவான். அவன எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நாடியா தன் கால்விரலை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறாள். உன்னிடமும் காட்டுவாள். அன்றைக்கு நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் வேறு எங்காவது பார்ப்பேன். அதற்கு இது மேல். கோபம் இருக்கிறது, தாரஸ். இல்லை என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய்.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அன்று ராத்திரி, எல்லோரும் ஒரு வழியாக மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்பது இருக்கும். குத்யாப் பாயசத்தில் கோதுமை ஆறி, தேன் இறுகிப்போயிருந்தது. வழக்கம்போல் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, தட்டும் கரண்டியும் வைத்திருந்தார்கள். கம்பளியில் சுற்றியிருந்த நாடியா அந்தத் தட்டைப் பார்த்து, "இது அப்பாவுக்குத்தானே?" என்று கேட்டாள். ரோமா எழுந்துபோய் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டு எடுத்துவந்தாள். "அது செத்துப்போனவங்களுக்குடா கண்ணு. உங்கப்பனுக்கு இது" என்று சொல்லி, எனக்கும் நாடியாவுக்கும் நடுவில் வைத்தாள்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து கோட்டை மாட்டாதே. அங்கே கதவைப் பூட்டுவதில்லை என்று எனக்குத் தெரியும். நீ மன்னிப்புக் கேட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. இப்போது வந்தால் கதவைத் திறக்கமாட்டேன், சொல்லிவிட்டேன். அவர்கள் போகலாம் என்று சொல்லும் நாள்வரை இரு. அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வராதே. அன்று காலையில் நானே வந்து கூட்டிப்போகிறேன். நாடியாவும் வருவாள். மாதா உன்னை அந்த நாள்வரை அங்கேயே உட்காரவைக்கட்டும்.

உன் மனைவி,
லெஸ்யா