பல்லிக்குச் சொன்ன பொய்கள்

உன் காரியத்துக்குப் போய்விட்டு மாலையில் வீடு திரும்பினேன். டியூப் லைட்டைப் போட்டுவிட்டு, "நீ எங்கியும் போவலடி" என்று யாருமில்லாத கூடத்தில் சொன்னேன். உடனே சுவரில் பல்லி கத்தியது. தரையைத் தட்டப் போன விரல், உன் நினைவு வந்து பாதியில் நின்றுவிட்டது.

எண்பதுகளில் நீயும் நானும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலேறி ஒரே ஆபீசுக்குப் போய்வந்தோம். கிளியனூர் மாப்பிள்ளை என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்த எடம் நமக்கு ஒத்துவராதோ" என்று அம்மா இழுத்த நேரம் பார்த்துப் பல்லி கத்தித் தொலைத்தது. "பல்லியே சொல்லிடுச்சு" என்று தரையைத் தட்டிப் பேச்சை முடித்துவிட்டாள். எனக்கும் பல்லி வாக்கில் அசையாத நம்பிக்கை. மறுநாள் ரயிலில் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தேன்.

நீ ஆறுதல் சொல்லவில்லை. "நெசத்துக்குத்தான் கத்துதுன்றியே, பொய் சொன்னா கத்துதான்னு எப்பனா பாத்தியாடி?" என்றாய். நான் எங்கே பார்த்தேன்!

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து, அம்மாவோடு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே பல்லியிடம் பொய் சொல்ல ஆரம்பித்தாய்.

"நான்தான் கலெக்டரு." பல்லி அசையவில்லை.

"எங்க மேனேஜரு தங்கமானவரு." ம்ஹூம்.

"பாத்தியா, பொய்க்கு அது வாயே தொறக்காது" என்றாள் அம்மா. என் கல்யாணம் இன்னொரு தடவை நின்றுபோனது. நீ விடவில்லை.

"நான் கிண்டுற கேப்பைக் களிக்கு ஊரே அடிச்சிக்கும்மா."

பல்லி கத்து கத்தென்று கத்தியது.

அந்தக் களியை அம்மா ஒருமுறை சாப்பிட்டிருக்கிறாள். முறம் கவிழ்ந்து மல்லாட்டை சிதற, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்தப் பல்லிக்கு நாக்கு செத்துப்போச்சு. கிளியனூருக்கு ஆள் அனுப்பச் சொல்றேன்" என்றாள்.

டைப்ரைட்டிங் பரீட்சைக்கு மட்டும் நீ ராசியான அந்தப் பச்சைப் புடவையில்தான் போவாய். கேட்டால், "அத இன்னும் செக் பண்ணலடி" என்பாய்.

இன்று பல்லி சொன்னதை நம்ப எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் நீ பழக்கிவிட்ட பழக்கம் விடவில்லை. சுவரைப் பார்த்து, "அவ கிண்டுன களி அமிர்தம்" என்றேன்.

உள்ளே வந்த கிளியனூர்க்காரர், "யாராண்ட பேசிக்கினு இருக்கே?" என்றார். கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

பல்லி கத்தியது. அடக்கமாட்டாமல் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நீ போய்விட்டாய் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.