மூன்றாவது ஓலை

திருமயம்,
18.8.2025, திங்கள்

அன்புள்ள ஜெரால்டு அவர்களுக்கு,

மரியே வாழ்க. நீங்களும் அத்தையும் நலம்தானே?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நாம் போனில் பேசும்போதெல்லாம் என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார். ஒரு பல் உரிக்க ஒரு மணி நேரம். அதோடு, போனில் நீங்கள் "என்னது?" என்று கேட்டால் நான் "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிவிடுவேன். காகிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது, நானும் பின்வாங்க முடியாது.

மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் நம் முதல் ஓலையை நேற்று இங்கே வாசித்தார்கள். உங்கள் ஊர் ஆவூர்க் கோவிலிலும் வாசித்திருப்பார்கள். நம் இருவர் பெயரையும் சொல்லி, "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும்" என்று சாமியார் நிறுத்தினார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

எனக்கு வலிப்பு உண்டு, ஜெரால்டு. பத்தாம் வகுப்பில் காலைப் பிரேயரில் முதல் முறை விழுந்தேன். அன்றிலிருந்து மாத்திரை. நான்கு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். "இந்தப் பேச்ச எடுத்த, நான் கெணத்துல விழுந்துருவேன்" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் கிணறே கிடையாது. இருந்தாலும் பயந்துவிட்டேன். அப்பாவோ சீருக்கு ஸ்கூட்டி புக் பண்ணியிருக்கிறார். நான் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவர் காதிலும்தான் விழுந்தது.

போன மாதம் மதுரையில் நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்தோம். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "இவளுக்குக் கல்யாணம் பண்ணலாமா?" டாக்டரம்மா "தாராளமா பண்ணுங்க, பிள்ளையும் பெத்துக்கலாம்" என்றதும் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். மிச்சத்தை நான்தான் கேட்டேன். இப்போது நான் போடும் மாத்திரை கர்ப்பமாகும் பெண்ணுக்கு ஆகாது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் கெடுதல் செய்யலாம். அதனால் பிள்ளை உண்டாவதற்கு முன்பே வேறு மாத்திரைக்கு மாற வேண்டும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். புது மாத்திரையில் உடம்பு நிலைப்பட என் விஷயத்தில் ஒரு வருஷமாவது ஆகும் என்றார். அதுவரை கர்ப்பம் வேண்டாம். மாறும் சமயத்தில் வலிப்பு திரும்பவும் வரலாம். போன வாரமே மாற்ற ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள், சம்மதமா? சம்மதம் என்றால் அத்தையிடமும் சொல்ல வேண்டும். மூன்றாவது ஓலைக்கு முன்னால் எனக்குப் பதில் வேண்டும். வீட்டுக்கு வேண்டாம், நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஃபெமினா

*

துவாக்குடி,
21.8.2025

ஃபெமினாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெல்டிங்கில் கையைச் சுட்டுக்கொண்டேன். போர்மேன் "மாப்பிள்ளைக்கு இப்பவே கனவா" என்கிறார். 

நிச்சயம் முடிந்து, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்த பிறகு சொல்கிறாயே. எனக்குக் கோபம் வராதா? உன் அம்மாவை விடு. நாம் ஒரு மாதமாகப் பேசுகிறோம். என்ன கலர் சேலை என்று அரை மணி நேரம் பேசினோமே, அதில் ஒரு நிமிஷம் இதற்கு இல்லையா?

ஒன்று கேட்கிறேன். நான்கு வருஷமாக வரவில்லை என்றால் அது போய்விட்டது என்றுதானே அர்த்தம்? மாத்திரையையே நிறுத்திப் பார்த்தால் என்ன? மாற்றுகிற தொல்லையும் இல்லை, காத்திருக்கிற தொல்லையும் இல்லை.

அம்மாவிடம் இப்போது வேண்டாம். அப்பா போன பிறகு என்னை ஒற்றை ஆளாக வளர்த்தவர். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போன இடத்தில், "அடுத்த வருசம் பேரப்பிள்ள ஞானஸ்நானத்துக்கும் இதே ஹால்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவரிடம் போய் நான் எப்படி ஆரம்பிப்பேன்?

ஜெரால்டு

*

திருமயம்,
23.8.2025

அன்புள்ள ஜெரால்டுக்கு,

கோபப்படுங்கள். அந்தச் சேலைப் பேச்சு எனக்கும் உறுத்துகிறது. நான் செய்தது தப்புதான்.

ஆனால் நிறுத்திப் பார்த்தால் என்ன என்று எழுதிவிட்டீர்களே, சாமி! நீங்கள் பாய்லர் வேலை பார்ப்பவர். இத்தனை வருஷம் வெடிக்கவில்லையே என்று சேஃப்டி வால்வைக் கழற்றி வீசுவீர்களா? மாத்திரையால்தான் நான்கு வருஷம் விழாமல் இருந்தேன். நிறுத்தினால் விழுவேன். வயிற்றில் பிள்ளையோடு விழுந்தால் இரண்டு உயிர். முதல் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள், இந்த முறை சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

எனக்குப் பிள்ளை வேண்டும். வேண்டாம் என்றா இத்தனை பாடுபடுகிறேன்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடும்போதுகூட அந்த நினைப்புத்தான். நல்லபடியாக வேண்டும், அவ்வளவுதான்.

நாளை இரண்டாவது ஓலை. எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது.

ஃபெமினா

*

துவாக்குடி,
26.8.2025

அன்புள்ள ஃபெமினாவுக்கு,

சாப்பிட்டுவிட்டுப் படித்தேன். எங்கள் கம்பெனி டிஸ்பென்சரி டாக்டரிடம் என் பெயர் சொல்லாமல், உன் பெயரும் சொல்லாமல் கேட்டேன். நிறுத்தலாமா என்றதும் மனுஷன் கத்திவிட்டார். நீ எழுதியதையெல்லாம் அவரும் சொன்னார். கடைசியில் "கல்யாணத்துக்கு வாழ்த்துகள் தம்பி" என்கிறார். என் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தது போல.

எனக்குச் சம்மதம். ஒரு வருஷம் இல்லை, இரண்டானாலும் சரி.

அம்மா விஷயத்துக்கு ஒரு வழி யோசித்துவிட்டேன். யாரும் கேட்டால், எனக்குத்தான் இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வேலை நிரந்தரமாகட்டும், அது இது என்று ஏதாவது. திட்டு எனக்கு விழட்டும். உன் மேல் ஒரு சொல் விழாது. உன் சீக்கு யாருக்கும் தெரியவே வேண்டாம். நல்ல யோசனைதானே? சரி என்று எழுது, நிம்மதியாகத் தூங்குவேன்.

அன்புடன்,
ஜெரால்டு

*

திருமயம்,
28.8.2025, வியாழன்

அன்புள்ள ஜெரால்டுக்கு,

சம்மதம் என்று நீங்கள் எழுதியிருந்ததைக் காலையில் வகுப்பில் வைத்துப் படித்துவிட்டு அழுதேன். "மிஸ்ஸுக்குக் கண்ணு வலி" என்று பிள்ளைகளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். இந்த நல்ல மனசுக்காகவே உங்களைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் யோசனை உதவாது.

நேற்று எனக்கு வலிப்பு வந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு. அடுப்படியில் விழுந்தேன். நல்ல வேளை, அடுப்பு பற்றவைக்கவில்லை. அப்பா ஓடி வந்து கடைச் சாவிக்கொத்தை என் கைக்குள் திணித்து அழுத்தியிருக்கிறார். உள்ளங்கை கிழிந்து தையல் போட்டிருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இரும்பைக் கொடுக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து விடுங்கள், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று டாக்டர்கள் வருஷக்கணக்காகச் சொல்லியும் அவருக்குக் கை சாவிக்குத்தான் போகிறது. டாக்டரம்மாவிடம் போனில் பேசினேன். மாறும்போது இப்படி வரும், புது மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள் என்றார்.

எல்லாம் தெரிந்த என் அப்பாவே இப்படி என்றால், ஒன்றுமே தெரியாத அத்தை என்ன செய்வார்? நீங்கள் ஷிஃப்டுக்குப் போய்விடுவீர்கள். ஆவூர் வீட்டில் நானும் அவரும்தான். திட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம், நான் விழும்போது பிடிக்க துவாக்குடியிலிருந்து ஓடி வர முடியாது. எனக்கு வெட்கமெல்லாம் ஓடிப்போய்விட்டது. அந்த வீட்டில் எனக்கு விவரம் தெரிந்த ஒரு கை வேண்டும்.

அத்தையிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் சொல்லிவிட்டதாக எனக்குச் செய்தி வர வேண்டும். வராவிட்டால் மூன்றாவது ஓலையை இங்கே வாசிக்க விட மாட்டேன். அம்மா என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார், உளறிவிடுவேனாம். இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

ஃபெமினா

*

திருமயம்,
31.8.2025, ஞாயிறு மாலை

ஜெரால்டுக்கு,

நேற்று முழுக்கத் தபாலுக்குக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை.

காலையில் பூசைக்கு முன்னால் சாமியாரைப் பார்த்து, எங்கள் ஓலையை வாசிக்க வேண்டாம் என்றேன். "யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?" என்றார். "ஆமா ஃபாதர், அவங்க வீட்டுக்கு ஒரு விசயம் தெரியணும், தெரியாம வாசிக்க வேணாம்" என்றேன். வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார். என் பெயர் வரவில்லை. அம்மா திரும்பித் திரும்பி அப்பாவைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா படுத்துவிட்டார்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. சம்மதம் என்று எழுதிய கையால் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லையே என்று இருக்கிறது. பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் என்ன சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைப் பற்றி எது சொன்னாலும் உண்மையைச் சொல்லுங்கள்.

ஃபெமினா

*

ஆவூர்,
2.9.2025

அன்புள்ள ஃபெமினாவுக்கு,

உன் ஸ்பீடு போஸ்ட் எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் கிடைத்தது. வேலை உடுப்போடு அப்படியே ஆவூருக்குப் பஸ் ஏறினேன். உன் போனுக்கு அடித்தால் உன் அம்மா எடுத்து, "அவ தூங்குறா மாப்பிள்ள" என்கிறார். ஏழு மணிக்கு என்ன தூக்கம்? ஞாயிறு மத்தியானமும் தூங்கினாய், நேற்றும் தூங்கினாய். அங்கே ஓலை வாசிக்கவில்லை என்பதே உங்கள் சாமியார் எங்கள் சாமியாருக்குப் போன் பண்ணித்தான் தெரிந்தது. ஒரு நாள் பொறுத்திருக்கலாம் நீ. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமையே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதங்களையும் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் தெய்வமாகிவிடவில்லை, கேட்டுக்கொள். "அவ ஆத்தா நல்லா நடிச்சிட்டாளேடா" என்று கத்தினார். "ஒரு வருசமா? ஊரு கேக்குமே, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிறது?" என்றார். பிள்ளைக்கும் வருமா என்று கேட்டார். டிஸ்பென்சரி டாக்டர் பெரும்பாலும் வராது என்றதைச் சொன்னேன், உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னேன். அழுதார். சாப்பிடாமல் படுத்தார். நானும்தான்.

காலையில் கோவிலுக்குக் கிளம்பினார். முன்வரிசையில் உட்கார்ந்தார். நம் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் நிறுத்தினார். நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் அம்மா பூசை நடுவிலேயே எழுந்து பேசக்கூடியவர், உனக்குத் தெரியாது. எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டே சொன்னார்: "தடை இருந்தா சொல்லுன்னுதானே கேட்டாரு? நோவு தடையாடா? நோவுன்னா வைத்தியம் பாக்கணும்."

அதற்காகச் சமாதானமாகிவிட்டார் என்று நினைத்துவிடாதே. உன் அம்மாவோடு அவருக்கு ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. கல்யாணத்தன்று என்ன நடக்குமோ என்று இப்போதே எனக்கு உதறுகிறது. டாக்டரம்மாவைத் தானே நேரில் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறார், நீதான் கூட்டிப் போக வேண்டுமாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நானும் அம்மாவும் திருமயம் வருகிறோம். உன் பக்கத்தில் அவருக்கு ஓர் இடம் பிடித்து வை. ஓலையை வாசிக்கச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். வாசிக்காவிட்டாலும் பூசை முடியும் வரை இருந்துவிட்டுத்தான் போவோம்.

ஜெரால்டு