சுரங்க வாயிலில் உயர்ந்த கைகள்

மன்மத வருஷம், மாசி மாதம், திங்கட்கிழமை இரவு.

பி.ஏ. தேறிவந்த என் மகன் சுந்தரத்துக்கு இரண்டு ஊர்களில் வேலை காத்திருக்கிறது. பெங்களூரில் உபாத்தியாயர் வேலை. கடல் தாண்டி ரங்கூனில் குமாஸ்தா வேலை. காலைவரை பெங்களூர்தான் என்றிருந்தான். ஞாயிறுதோறும் ரயிலேறி வந்துவிடுவான் என்று நானும் சிவபெருமானுக்கு நன்றி சொல்லிவிட்டேன்.

மாலையில் ஷிப்டு முடிந்து நான் வெளிவரும் வேளையில், தங்கச் சுரங்க வாயிலில் எனக்காக வந்து நின்றான். பொன்னை ஒளித்துக் கொண்டுபோகிறோமா என்று எங்களைத் தடவிப் பார்த்தே வெளியே விடுவது வழக்கம். காவலன் என்னைக் கண்டு சிரித்தான்.

"இன்னா பெரியவரே, புள்ள பி.ஏ.வாமே? லட்டு எங்க? மடியில ஒளிச்சிக்கினியா?"

கையைத் தூக்கு என்று அவன் சொல்லுமுன்பே என் கைகள் மேலே போயிருந்தன. மடியைத் தடவினான், தலைப்பாகையை அவிழ்த்து உதறினான்.

வீடு வரும்வரை மகன் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தான். வந்ததும் சொன்னான்: "நான் ரங்கூனுக்கே போறேன் நைனா."

"பெங்களூரு உன்ன இன்னாடா பண்ணிச்சு?"

"கிட்ட இருந்தா வாரா வாரம் வரணும். வந்தா இத்தப் பாக்கணும். அவன் கேக்கவே இல்லியே நைனா, நீயாத்தானே தூக்கின!"

அப்படித் தூக்கிய கைகள்தாம் உன்னைப் படிக்கவைத்தன என்று சொல்ல நினைத்தேன். பூசைக்கு விளக்கேற்றப் போனேன்.

இரவுப் பூசையில் பதிகம் ஓதியபடி, தலைமேல் கூப்பக் கைகளை உயர்த்தினேன். இடுப்பில் காவலனின் விரல்கள் ஊர்வதுபோல் இருந்தது. இறக்கிவிட்டேன். பதிகம் பாதியில் நிற்கிறது. தட்டி மறைப்புக்கு அப்பால் மகன் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறான்.