அண்ணனின் புல்வெளிக்கு வைத்த தீ

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. ஊரே உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது, காட்டுத்தீயை வீடுகள் பக்கம் வரவிடாமல் நிறுத்திவிட்டாயாம். என் பன்னிரண்டு ஏக்கர் புல்லுக்கு நெருப்பு வைத்தது யார்? காட்டுத்தீ இல்லை, நீ! சமையலறை ஜன்னலிலிருந்து உன் அண்ணி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கோடை முழுக்க என் எட்டு மாடுகளும் எதைத் தின்னும்? உன் சீருடையையா? உன் மேலதிகாரியிடம் மனு கொடுத்துவிட்டேன். நிலத்தகராறை மனதில் வைத்துச் செய்தாய் என்றும் எழுதியிருக்கிறேன்.

அண்ணன்

மார்ச் 7

அண்ணா,

உன் கடிதத்தைத் தீயணைப்பு நிலையத்தில் நின்றபடியே படித்தேன். நிலத்தகராறா? அப்பாவின் நிலத்தில் எனக்குப் பங்கே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

உன் மேய்ச்சல் நிலம் வழியாக வந்திருந்தால் தண்ணீர் லாரி ஐந்து நிமிடத்தில் தீயை எட்டியிருக்கும். வெயில் காலத்தில் கேட்டைப் பூட்டக் கூடாது என்ற நோட்டீஸை உன்னிடம் கொடுத்ததே நான்தான். "சரிம்மா, சரிம்மா"ன்னு மண்டையை ஆட்டினாய். பக்கத்து வீட்டு ஆடுகள் மேய்ந்துவிடும் என்று கட்டைவிரல் தடிமனில் ஒரு சங்கிலி, அதற்கு ஒரு பூட்டு! லாரி ஓடைப் பாதையில் சுற்றி வர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் தீ உன் வேலிக்கு வந்துவிட்டது. பின்னால் நாற்பது வீடுகள். வேலியைத் தாண்டிக் குதித்து, தீ வருவதற்குள் நாங்களே புல்லை எரித்து அதற்குத் தின்ன ஒன்றுமில்லாமல் செய்தோம். வேறு வழி இல்லை. இனி எந்த ஆடும் உன் புல்லை மேயாது, நிம்மதியாக இரு.

தங்கை

மார்ச் 11

தங்கச்சிக்கு,

ஆத்திரத்தில் எழுதியதைப் பெரிதுபடுத்தாதே. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது, நான் சந்தையில் இருந்தேன். மனுவை இனித் திரும்பப் பெற முடியாதாம். வியாழக்கிழமை விசாரணையில் பூட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. தெரிந்தால் நிவாரணத் தீவனம் கிடையாது என்கிறார்கள். மாடுகள் வெறும் தொட்டியை நக்கிக்கொண்டு நிற்கின்றன. உனக்கென்ன, ஒரு மெமோ கொடுப்பார்கள், அவ்வளவுதான். அண்ணி உன்னை மிகவும் விசாரித்தாள்.

உன் அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

நேற்று விசாரணை முடிந்தது. வேலையே போனாலும் பூட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மாடுகள் என்ன பாவம் செய்தன?

அப்போது அதிகாரி, எழுதுபவரிடம் சொன்னார்: "லாரி டிரைவர் மெத்தனமா வந்திருக்கான். அதான் காரணம்னு போட்டுக்கோ."

எந்த டிரைவர் தெரியுமா? ஓடைப் பாதையில் எரிந்து விழுந்த மரக்கிளையை வெறுங்கையால் இழுத்துப் போட்டுவிட்டு லாரியைக் கொண்டுவந்தவர். இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உனக்குத் தீவனம் வராது. மாடுகளை எங்கள் கொல்லைக்கு ஓட்டி வரச் சொல்லி அண்ணிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ வராதே. முதலில் அந்த டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுது. அவரால் உறையைப் பிரிக்க முடியாது, அவர் மனைவி பிரித்துப் படித்துக் காட்டுவார். உன் கடிதம் வந்தது என்று அவர் சொல்லும் வரை, நீ எனக்கு எழுதும் எதையும் நான் பிரிக்க மாட்டேன்.

தங்கை