ஆளில்லாத வீட்டின் கதவு

1984 மார்ச் 12, திங்கள்

முகாமைத்துவத்தில் கலாநிதிப் பட்டம் படிக்க மகளுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்புகளில் உதவினால் கட்டணம் இல்லை, மாதச் சம்பளமும் உண்டாம். படிக்கிறவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? நான் நம்பவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தேன். உண்மைதான்.

இரவுச் சாப்பாட்டின்போது தன் வாப்பாவிடம் சொன்னாள்.

"காசுக்கு எங்க மகள் போற?"

"காசு ஒண்டும் வேணாம் வாப்பா. அவங்கதான் தருவாங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுப்பதற்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு காரணம்தான்.

"அப்ப அந்த வீட்டுல ஆரு இரிக்கிற?" என்றார் கடைசியாக.

அவள் கல்யாணத்துக்கென்று பக்கத்து வளவில் கட்டிய வீடு. போன கிழமைதான் கதவு போட்டார்கள், தாழ்ப்பாள் இன்னும் இல்லை. கடற்காற்றில் அது இப்போது அடித்துக்கொண்டிருக்கிறது. சாத்திவிட்டு வந்தவர் மறுபடியும் எழுந்து போகிறார். மகளும் தூங்கவில்லை. விடிந்தால் என்னிடம் கேட்பாள். போ என்று சொல்லத்தான் நினைக்கிறேன். அந்தக் கதவு கொஞ்சம் ஓய்ந்தால் சொல்லிவிடுவேன்.