உன் காருக்கு நான் எழுதிய வரி

அண்ணா,

இன்று உளுந்தூர்பேட்டை பேருந்தில் யாரோ ஒருவரின் பையில் கார் சென்ட் பாட்டில் உடைந்து, எலுமிச்சை வாசனை வண்டி முழுக்கப் பரவியது. நம் வாடகைக் காரில் நீ வைத்திருந்த அதே வாசனை. என்னால் உட்கார முடியவில்லை. நடுவழியில் எலவனாசூர்கோட்டையிலேயே இறங்கிவிட்டேன்.

அப்பாவுக்கு அந்தக் கார், கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் ஏற்றிப் போகிற வண்டி. உனக்கு அது போனில் காட்டுகிற முகம். உன் நண்பர்களும் அப்படித்தான். சைக்கிள்கூட இல்லாதவன், வீடியோ பார்த்துப் பார்த்தே எந்தக் கார் எப்படி உறுமும் என்று சொல்வான். எங்கே போனோம் என்று நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் பேச்சு.

அப்பா காலையில் செய்தித்தாளைப் படித்துக் காட்டச் சொல்வதும் என்னிடம்தான்; வீடியோவுக்கு வரி வேண்டுமென்றால் நீயும் என்னிடம்தான் வருவாய். "புஸ்தகப் புழு, கெத்தா ஒண்ணு எழுதிக் குடு" என்பாய். எனக்குப் பெருமையாக இருக்கும். 'பயம் என் காரில் ஏறுவதில்லை' என்று எழுதிய அன்று, எதற்கு என்று கேட்டேன்.

"நிக்கிற வண்டிக்குதான் பாப்பா. ஓட்டிக்கினு இருக்கும்போது போனையே தொடமாட்டேன்" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாய்.

போனில் நீ எனக்குக் காட்டிய உன் பக்கத்தில் நிற்கிற கார்தான் இருந்தது. மாலை போட்ட கார், வெள்ளிமலையில் மேகத்துக்கு முன்னால் கார். உன் காரியத்தன்று கையில் கட்டோடு வந்த உன் நண்பன், விபத்தின்போது பக்கத்து சீட்டில் இருந்தவன், தன் போனில் உன் இன்னொரு பக்கத்தைக் காட்டினான். நான் பார்த்துவிடாதபடி அதில் என்னை பிளாக் செய்து வைத்திருந்தாயாம். அப்பாவிடம் போட்டுக் கொடுத்துவிடுவேன் என்று பயமாம். அதில் மலைப்பாதையின் வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை விட்டு உன் இரண்டு கைகளும் மேலே. கீழே என் வரி.

"கடைசி வளைவுலயும் அப்டித்தான். பிரேக்கெல்லாம் நல்லாதான் இருந்துச்சி" என்றான்.

எனக்கு அழுகை வரவில்லை. என் தலையில் வைத்த கை அது என்றுதான் தோன்றியது.

அப்பாவோ ஒவ்வொரு வேளையும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, பிரேக்கை முந்தின நாளே பார்த்திருக்க வேண்டும், தானே பிள்ளையைக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் பாரம் குறையும். ஆனால் உன் பொய்யோடு என் வரியும் வெளியே வரும். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று வாரத்துக்கு உன்மேல் பழி போட முடியாது.

போன மாதம் உன் நண்பனிடம் அந்த வீடியோவை வாங்கி அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

"இத யாரும்மா எழுதினது?"

"நான்தாம்பா."

இன்னமும் யாராவது ஒரு பையன் அந்த வரியைத் தன் காருக்கு எடுத்துக்கொள்கிறான். நீக்கிவிடச் சொல்லி எழுதினால், சிரிக்கிற பொம்மைதான் பதிலாக வருகிறது. அப்பா அன்றிலிருந்து பிரேக் பேச்சை எடுப்பதில்லை. காலையில் முன்போல என்னைச் செய்தித்தாள் படித்துக் காட்டச் சொல்வதும் இல்லை.